கொழுப்புத் துளிகள் சரியாக ஒளிரவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் முறை

உயிருள்ள செல்லுக்குள் கொழுப்புத் துளிகளை ஒளிரும் சாயமிட்டு நுண்ணோக்கியில் படம் பிடிக்க உட்காருபவர்களில் பலர், படம் சரியில்லை என்றதும் முதலில் கை வைப்பது லேசரில்தான். மங்கலாக இருந்தால் லேசரைக் கூட்டுவார்கள். பின்னணி வெளுத்துவிட்டால் குறைப்பார்கள். ஆனால் கோளாறு அங்கே இருப்பது அபூர்வம். சாயம் செல்லுக்குள் போன விதத்தில் இருக்கும், அது போய்ச் சேர்ந்த இடத்தில் இருக்கும், அல்லது அங்கிருந்து வந்த ஒளியை நாம் வாங்கிய விதத்தில் இருக்கும். இந்த மூன்றில் எது என்று பிரித்தறியத்தான் அறிகுறிகள் உதவுகின்றன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாயத்துக்குக் கொழுப்புத் துளியை அடையாளம் தெரியாது. தன்னைச் சுற்றியிருப்பது நீரா எண்ணெயா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். துளியின் கருவில் செல் சேமித்து வைக்கும் கொழுப்பு வகைகளான ட்ரைகிளிசரைடும் ஸ்டீரால் எஸ்டரும் இருக்கின்றன. அதைச் சுற்றி பாஸ்போலிப்பிட் ஒற்றை அடுக்கு, அதன்மேல் பெரிலிப்பின் போன்ற புரதங்கள். சாயம் அந்த எண்ணெய்க் கருவில் போய்க் கரைகிறது, அவ்வளவுதான். செல்லுக்குள் எண்ணெய்ப்பசை உள்ள இடங்களோ இன்னும் எத்தனையோ உண்டு. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளைத்தவை.

எந்த அறிகுறியை ஆராயும் முன்பும் பக்கத்தில் மூன்று டிஷ் தயாராக இருக்கட்டும். முதலாவது, சாயமே போடாத செல்கள். இரண்டாவது, ஒலியிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்தை ஆல்புமின் புரதத்தோடு சேர்த்து 200 முதல் 400 மைக்ரோமோலார் அளவில் இரவு முழுக்கக் கொடுத்த செல்கள். இவற்றில் துளிகள் கண்டிப்பாக இருக்கும். மூன்றாவது, அதே ஒலியிக் அமிலத்தோடு டிஜிஏடி1, டிஜிஏடி2 என்ற இரண்டு நொதிகளையும் தடுக்கும் மருந்துகளைக் கொடுத்த செல்கள். ட்ரைகிளிசரைடு உருவாகும் கடைசிப் படியை இந்த இரண்டு நொதிகள்தான் செய்கின்றன. ஒன்றை மட்டும் தடுத்தால் மற்றது ஈடுகட்டிவிடும், அதனால் இரண்டையும் தடுக்க வேண்டும். இந்த மூன்று டிஷ்ஷும் இல்லாமல் கோளாறு தேடுவது இருட்டில் தடவுவது போலத்தான்.

அறிகுறி: எதுவுமே ஒளிரவில்லை

முதலில் சாயத்தை மறந்துவிட்டு, சாதாரண வெளிச்சத்தில் செல்லைப் பாருங்கள். கொழுப்புத் துளியின் ஒளிவிலகல் எண் சைட்டோபிளாசத்தைவிடத் தெளிவாக அதிகம். ஆகவே ஃபோகஸை மெல்ல மேலும் கீழும் நகர்த்தினால் துளிகள் குட்டி லென்சுகள் போல வெளிச்சமாகவும் இருட்டாகவும் மாறி மாறித் தெரியும். ஒலியிக் அமிலம் கொடுத்த டிஷ்ஷிலேயே இப்படி எதுவும் தென்படவில்லை என்றால் சாயத்தின் மேல் குற்றமில்லை, துளிகளே இல்லை.

துளிகள் உருவாகாமல் போகப் பெரும்பாலான காரணம் கொழுப்பமிலக் கரைசல். ஒலியிக் அமிலம் ஏறக்குறைய 13 டிகிரி செல்சியஸிலேயே உறையத் தொடங்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த புட்டியின் அடியில் அது கட்டியாகத் தங்கியிருக்க, மேலே உள்ள தெளிந்த நீரை எடுத்துச் செல்லுக்குக் கொடுத்திருப்பீர்கள். வெதுவெதுப்பாக்கி, முழுக்கக் கலங்கலின்றித் தெளிந்த பிறகே எடுங்கள். இன்னொரு காரணம் தவறான கொழுப்பமிலம். பால்மிட்டிக் அமிலத்தைத் தனியாகக் கொடுத்துவிட்டுத் துளிகளைத் தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ட்ரைகிளிசரைடாக எளிதில் மாறுவதில்லை. மாறாமல் தேங்கிச் செல்லை வாட்டும். துளி வேண்டுமென்றால் ஒலியிக் அமிலமே நல்லது.

துளிகள் சாதாரண வெளிச்சத்தில் தெரிகின்றன, ஆனால் ஒளிரவில்லை என்றால் சாயத்தின் பக்கம் திரும்பலாம். சீரம் கலந்த மீடியத்திலேயே சாயம் போட்டீர்களா? சீரத்தில் உள்ள ஆல்புமினும் லிப்போபுரதங்களும் எண்ணெய்நாட்டம் கொண்ட எந்தச் சாயத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். செல்லுக்கு மிச்சம் வருவது கொஞ்சம். சாயமிடும் 15 முதல் 30 நிமிடங்களுக்கு மட்டும் சீரமில்லாத மீடியத்துக்கு மாறுங்கள். சாயத்தை முன்கூட்டியே நீர்க்கரைசலில் கலந்து பிளாஸ்டிக் ட்யூபில் வைத்திருந்தால் அதுவும் கோளாறுதான். இவ்வகைச் சாயங்கள் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்த மூலக்கரைசலை உறைநிலையில், இருட்டில், சிறு சிறு பங்குகளாக வைத்துக்கொண்டு, பயன்படுத்தும் நேரத்தில்தான் நீர்க்க வேண்டும்.

கடைசியாக ஃபில்டரைப் பாருங்கள். பாடிபி 493/503 என்ற பச்சைச் சாயத்தின் பெயரிலேயே அதன் குணம் இருக்கிறது: 493 நானோமீட்டரில் ஒளியை வாங்கி 503இல் விடுகிறது. வாங்குவதற்கும் விடுவதற்கும் இடையே 10 நானோமீட்டர்தான். 530க்கு மேல்தான் உங்கள் ஃபில்டர் ஒளியை வாங்குகிறது என்றால், உச்சத்தைத் தவறவிட்டு வாலைத்தான் பிடிக்கிறீர்கள். மோனோடான்சில்பென்டேன் போன்ற நீலச் சாயமென்றால் 405 லேசரும் 420 முதல் 480 வரையிலான ஃபில்டரும் வேண்டும்.

நுண்பாசிகளில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தடித்த செல்சுவர் நைல் ரெட் என்ற சாயத்தை உள்ளே விடாது. டிஎம்எஸ்ஓவை வழக்கத்தைவிட மிக அதிகமாகச் சேர்த்துத்தான் பலரும் சாயத்தை உள்ளே அனுப்புகிறார்கள். பச்சையமும் சிவப்பாக ஒளிரும் என்பதால் ஒளி வாங்கும் எல்லையை 650க்குக் கீழேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அறிகுறி: செல் முழுக்க ஒரே மூட்டம், துளிகள் தனியாகத் தெரியவில்லை

இது பெரும்பாலும் சாயம் அதிகமாகிப் போனதன் அடையாளம். எண்ணெய்க் கரு எவ்வளவு சாயத்தை வாங்கிக்கொள்ளும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. அதற்குமேல் போட்டால் மீதி எண்டோபிளாஸ்மிக் வலைப்பின்னல் உட்பட எல்லாச் சவ்வுகளிலும் பரவுகிறது. பாடிபி 493/503க்கு 1 முதல் 2 மைக்ரோமோலார் போதும். ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று மூலக்கரைசல் செய்திருந்தால் அது கிட்டத்தட்ட 3.8 மில்லிமோலார், 2000 மடங்கு நீர்த்தாலே ஏறத்தாழ 2 மைக்ரோமோலார் வந்துவிடும். 200 மடங்கு நீர்த்துவிட்டு மூட்டம் என்று வருந்துபவர்கள் நிறைய.

நைல் ரெட்டில் மூட்டம் வந்தால் அளவோடு சேர்த்து நிறத்தையும் பாருங்கள். இந்தச் சாயத்தின் ஒளி, அது இருக்கும் இடத்தின் முனைவுத்தன்மைக்கு ஏற்ப நிறம் மாறும். நீரில் கிட்டத்தட்ட அணைந்துவிடும், நடுநிலைக் கொழுப்பில் பொன்மஞ்சளாக ஒளிரும், பாஸ்போலிப்பிட் சவ்வில் சிவப்புக்கு நகரும். 1985இல் கிரீன்ஸ்பானும் உடன் பணியாற்றியவர்களும் இதைக் கொழுப்புத் துளிக்கான சாயமாக முன்வைத்தபோதே மஞ்சள், சிவப்பு என்ற இரண்டு அலைநீள ஜன்னல்களையும் ஒப்பிட்டுக் காட்டினார்கள். 450 முதல் 500 நானோமீட்டர் ஒளியால் தூண்டி 528க்கு மேல் மஞ்சளை வாங்கினால் துளிகள் தனித்துத் தெரிகின்றன; 515 முதல் 560 வரை தூண்டி 590க்கு மேல் சிவப்பை வாங்கினால் சவ்வுகளும் கூடவே வந்துவிடுகின்றன. பெயரில் ரெட் இருக்கிறதே என்று சிவப்பு ஃபில்டரில் பார்ப்பதுதான் நான் மிக அதிகமாகக் கண்ட தவறு. ஜன்னலை மஞ்சளுக்கு மாற்றினாலே பாதி மூட்டம் விலகும்.

மூட்டம் செல்லுக்கு வெளியிலும் அதே அளவு இருந்தால் குற்றவாளி மீடியம். மீடியத்துக்கு நிறம் தரும் ஃபீனால் ரெட் இல்லாத மீடியத்துக்கு மாறுங்கள். பாடிபி நீர்ச்சூழலிலும் ஓரளவு ஒளிரும் சாயம், ஆகவே ஒன்றிரண்டு முறை மென்மையாகக் கழுவ வேண்டும். நைல் ரெட், மோனோடான்சில்பென்டேன் போல எண்ணெயில் மட்டும் நன்கு ஒளிரும் சாயங்களுக்குக் கழுவுவது அவ்வளவு கட்டாயமில்லை.

கழுவுகிறேன் என்று செல்களை வெறும் உப்புக் கரைசலில் மணிக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். பட்டினி கிடக்கும் செல் தன் சவ்வுகளைத் தானே தின்று, அதிலிருந்து கிடைக்கும் கொழுப்பமிலங்களைப் புதிய துளிகளாகச் சேமிக்கும். அப்போது நீங்கள் எண்ணுவது உங்கள் சோதனையின் விளைவையல்ல, கழுவியதன் விளைவை.

அறிகுறி: செல்லுக்கு வெளியேயும் பளிச்சென்ற புள்ளிகள்

சாயம் படிகமாகிவிட்டது. டிஎம்எஸ்ஓவிலிருந்து நீருக்கு வரும் அந்தக் கணத்தில் இது நடக்கிறது. மீடியத்தைச் சுழற்றிக்கொண்டே சாயத்தைச் சொட்டு சொட்டாக விடுங்கள். செல்மேல் நேரடியாக மூலக்கரைசலை விடவே கூடாது. 37 டிகிரி வெதுவெதுப்பான மீடியத்தில் கலப்பது உதவும். பழைய மூலக்கரைசலாக இருந்தால் சில நிமிடம் மையவிலக்கியில் சுழற்றி, மேலே உள்ளதை மட்டும் எடுங்கள்.

படிகத்தைக் கண்டுகொள்ள எளிய வழி அதன் வடிவம்: ஊசி போல, ஒழுங்கற்று, வெவ்வேறு அளவில், எல்லா நிறச் சேனலிலும் கண்ணைப் பறிக்கும். ஆனால் மிக நுண்ணிய படிகங்கள் செல்லின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டால் வடிவம் தெரியாது. என் ஆரம்ப நாட்களில் அப்படிப்பட்ட புள்ளிகளைத் துளிகள் என்று பல நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். செல்லே இல்லாத வெறும் கண்ணாடியில் அதே சாயக்கரைசலை விட்டுப் பார்த்தபோதுதான் அங்கேயும் அதே புள்ளிகள் இருப்பது தெரிந்தது. அந்தத் தரவு முழுவதையும் கைவிட வேண்டியிருந்தது. அன்றிலிருந்து செல் இல்லாத டிஷ் ஒன்றும் என் வரிசையில் எப்போதும் உண்டு.

அறிகுறி: புள்ளிகள் அழகாகத் தெரிகின்றன, ஆனால் அவை கொழுப்புத் துளிகள்தானா?

இதை அறிகுறி என்றே பலர் நினைப்பதில்லை. படம் அழகாக வந்துவிட்டதே, பிறகென்ன என்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். எனக்கோ மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் கவலை தரும் நிலை. மங்கலான படம் தன்னை நம்பாதே என்று தானே சொல்லிவிடும். அழகான தவறு அப்படிச் சொல்வதில்லை.

இதற்குச் சான்று சி. எலிகன்ஸ் என்ற உருளைப்புழு ஆராய்ச்சியிலேயே இருக்கிறது. உயிருள்ள புழுக்களுக்கு உணவோடு நைல் ரெட்டைக் கொடுத்து, குடலில் ஒளிரும் குருணைகளைக் கொழுப்புச் சேமிப்பு என்று கொண்டு, 2003இல் நூற்றுக்கணக்கான மரபணுக்களை வரிசைப்படுத்திய பெரிய ஆய்வு ஒன்று வெளிவந்தது. அந்த முறை வேகமாகப் பரவியது. 2009இல் மரபியலாளர் கேரி ரவ்குனின் ஆய்வகத்திலிருந்து வந்த ஆய்வு, அப்படிக் கொடுக்கப்பட்ட சாயம் பெரும்பாலும் லைசோசோம் வகை உறுப்புகளில், அதாவது செல் கழிவைச் செரிக்கும் பைகளில், தங்குகிறது என்றும், முதன்மையான கொழுப்புச் சேமிப்பு வேறு குமிழ்களில் இருக்கிறது என்றும் காட்டியது. அதே சாயத்தை ஃபிக்ஸ் செய்த, அதாவது வேதிப்பொருளால் கொன்று அப்படியே நிலைநிறுத்திய, புழுவில் போட்டால் கொழுப்பைச் சரியாகக் காட்டுகிறது. சாயம் மாறவில்லை, புழுவும் மாறவில்லை. உயிருள்ள செல் தன்னிடம் வந்த அந்நியப் பொருளை எங்கே ஒதுக்கி வைத்தது என்பதுதான் மாறியது. உயிருள்ள செல் ஒரு சாடி அல்ல. உள்ளே வருவதை அது வகைபிரிக்கும், விழுங்கும், உடைக்கும், வெளியே தள்ளும்.

ஆகவே லைசோசோம்தான் முதல் சந்தேக நபர். லைசோசோம் சாயம் ஒன்றை வேறு நிறத்தில் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். இரண்டு நிறமும் ஒரே புள்ளியில் குவிந்தால் எச்சரிக்கை. கார அமீன் தொகுதி கொண்ட சாயங்கள் அமிலத்தன்மையுள்ள இடங்களில் இயல்பாகவே சிக்கிக்கொள்ளும். சில மருந்துகளைக் கொடுத்த செல்களில் லைசோசோமுக்குள் பாஸ்போலிப்பிட் அடுக்கடுக்காகத் தேங்கும். அதையும் நைல் ரெட் ஒளிரச் செய்யும். படத்தில் கொழுப்புத் துளி போலவே இருக்கும். மருந்து கொடுத்ததும் கொழுப்பு கூடியது என்று எழுதும் முன் இதைப் பாருங்கள்.

இரண்டாவது சந்தேக நபர் செல்லின் சொந்த ஒளிர்வு. வயதான செல்களிலும் நரம்பு செல்களிலும் லிப்போஃபியூசின் சேர்ந்திருக்கும். அது நீலம் முதல் சிவப்பு வரை எல்லாச் சேனலிலும் மின்னும். கல்லீரலின் நட்சத்திர செல்களில் வைட்டமின் ஏ எஸ்டராகத் துளிகளுக்குள்ளேயே இருக்கிறது. புற ஊதா ஒளியில் ஒளிர்ந்து விரைவில் மங்கிவிடும். அந்த செல்களில் நீலச் சாயம் போடுவது வீண் வேலை. சாயமிடாத டிஷ்ஷை அதே லேசர் அளவில், அதே கெயினில் (ஒளிச் சைகையைப் பெருக்கும் அளவில்) எடுத்தால் இரண்டும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

மூன்றாவது, கொழுப்பமில வால் கொண்ட சாயங்கள். பாடிபி 558/568 சி12 போன்றவற்றைப் பாடிபி 493/503இன் சிவப்பு உடன்பிறப்பு என்று எண்ணிப் பயன்படுத்துகிறார்கள். அது பெரிய பிழை. பின்னது துளியில் கரைந்து கிடக்கும். முன்னதை செல் உண்மையான கொழுப்பமிலம் போலவே கையாளும். எண்டோபிளாஸ்மிக் வலைப்பின்னலில் எஸ்டராக்கும், துளிக்குள் சேமிக்கும், பட்டினியில் எடுத்து மைட்டோகாண்ட்ரியாவுக்கு அனுப்பும். கொழுப்பு எங்கே பயணிக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல கருவி அரிது. ஆனால் துளிகள் எங்கே உள்ளன என்று பார்க்க இதைப் போட்டு, பத்தே நிமிடத்தில் படம் எடுத்தால் செல்லின் பாதிச் சவ்வுகள் ஒளிரும். மிகக் குறைந்த அளவில் இரவு முழுக்கக் கொடுத்து, கழுவி, ஒரு மணி நேரமாவது காத்திருந்து எடுக்க வேண்டும்.

உறுதிப்படுத்துவது எப்படி? மலிவான சோதனையிலிருந்து தொடங்குங்கள். சாதாரண வெளிச்சத்தில் லென்ஸ் போல மின்னும் உருண்டைகளும் ஒளிரும் புள்ளிகளும் பொருந்துகின்றனவா? ஒலியிக் அமிலத்தில் கூடி, டிஜிஏடி தடுப்பானில் குறைகின்றனவா? இந்த இரண்டும் ஆம் என்றால் பெரும்பாலும் நிம்மதி. மூன்றாம் படியாகப் பெரிலிப்பின் 2ஐ எதிர்ப்புரதத்தாலோ ஒளிரும் புரதம் இணைத்தோ காட்டுங்கள்: சாயம் உள்ளே நிறைந்த வட்டமாக, பெரிலிப்பின் அதைச் சுற்றி விளிம்பாக வரும். பெரிலிப்பினை மிகையாக உற்பத்தி செய்ய வைத்தால் அதுவே கொழுப்புச் சிதைவைத் தடுத்துத் துளிகளைக் கூட்டிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். வசதி இருந்தால் சாயமே இல்லாமல் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பின் அதிர்வைப் படம் பிடிக்கும் ராமன் முறைகள், அதாவது 2845 என்ற அலை எண்ணில் பார்க்கும் கார்ஸ் அல்லது எஸ்ஆர்எஸ், இறுதித் தீர்ப்பு சொல்லும்.

மேக்ரோஃபேஜ் (விழுங்கு செல்) போன்ற செல்களில் துளிகளில் கொலஸ்ட்ரால் எஸ்டர் மிகுதி. டிஜிஏடி தடுப்பானுக்கு அவை மசியவில்லையே என்று குழம்ப வேண்டாம். ஸ்டீரால் எஸ்டரை உருவாக்குவது வேறு நொதி. இவ்வகைத் துளிகள் திரவப் படிக நிலையில் இருக்கும்போது, முனைவாக்கிய ஒளியில் சிலுவை வடிவம் காட்டும். பார்க்கவே அழகான சோதனை அது.

அறிகுறி: பச்சைச் சாயம் சிவப்பு சேனலிலும் தெரிகிறது

இதற்கு மூன்று வேர்கள். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எனவே முதலில் பிரிக்க வேண்டும். பாடிபி 493/503 மட்டும் போட்ட, வேறெந்தச் சிவப்புக் குறியும் இல்லாத டிஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள். நீல லேசர் படாத புதிய இடத்தில் முதலில் சிவப்பு சேனலை மட்டும் எடுங்கள். பிறகு பச்சையை எடுங்கள். பிறகு அதே இடத்தில் மீண்டும் சிவப்பு.

முதல் சிவப்புப் படம் இருட்டாக இருந்து, பச்சை எடுத்தபின் எடுத்த சிவப்பில் துளிகள் தோன்றினால், நீல ஒளி பட்டதால் சாயமே மாறிவிட்டது என்று பொருள். பாடிபி சாயங்களின் இந்தக் குணத்தை ஜப்பானில் ஃபுஜிமோட்டோவின் குழு 2010இல் எச்சரிக்கையாகவே எழுதியது. கொழுப்புத் துளிக்கு வந்து சேரும் சிவப்புப் புரதம் ஒன்றைத் தேடுபவர்களுக்கு இது மிக ஆபத்தான கண்ணி. இல்லாத புரதம் துளியின் மேல் இருப்பதாகத் தெரியும், அதுவும் துளியோடு அச்சு அசலாகப் பொருந்தி. எப்போதும் சிவப்பை முதலில் எடுத்துப் பச்சையைப் பின்னால் எடுங்கள். ஃபோகஸ் தேடும்போதும் நீல ஒளியில் தேடாதீர்கள். சாதாரண வெளிச்சத்திலோ சிவப்பிலோ தேடுங்கள். நேரத்தொடர் படங்களில் இந்த வரிசை பயன்படாது, ஏனெனில் முதல் சுற்றின் பச்சை இரண்டாம் சுற்றின் சிவப்புக்கு முன் வந்துவிடும். அங்கே சாயத்தையே மாற்றுவதுதான் வழி: 405இல் தூண்டப்படும் நீலச் சாயம் அல்லது அடர்சிவப்புச் சாயம்.

இரண்டு சேனலையும் ஒரே நேரத்தில் எடுக்கும்போது மட்டும் சிவப்பில் துளிகள் தெரிந்து, தனித்தனியே எடுத்தால் மறைந்தால், அது வெறும் கசிவு. சேனல்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தாலே சரியாகிவிடும்.

முதல் சிவப்புப் படத்திலேயே துளிகள் பளிச்சென்று இருந்தால் சாயம் அளவு மீறியிருக்க வாய்ப்பு அதிகம். பாடிபி மூலக்கூறுகள் துளிக்குள் நெருக்கியடித்து இருக்கும்போது இரட்டைகளாகச் சேர்ந்து சிவப்புப் பக்கம் ஒளிர்கின்றன. அளவைப் பாதியாக்கி, மீண்டும் பாதியாக்கிப் பாருங்கள். நைல் ரெட்டாக இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். அது பச்சை முதல் சிவப்பு வரை அகலமாக ஒளிரும் சாயம், ஜிஎஃப்பி என்ற பச்சை ஒளிர்புரதத்தோடும் சிவப்புப் புரதத்தோடும் சேர்த்துப் பயன்படுத்த ஏற்றதல்ல.

அறிகுறி: துளிகள் நடுவில் இருட்டாக, மோதிரம் போல

சிறு துளிகளில் இப்படி வருவதில்லை. பெரிய துளிகளில் வந்தால் முதலில் கழுவலையும் நேரத்தையும் பாருங்கள்: சாயம் இன்னும் விளிம்பிலேயே நிற்கலாம். இன்னும் 15 நிமிடம் விட்டு மறுபடி எடுங்கள். சற்று நீர்நாட்டமும் கொண்ட சாயங்கள் விளிம்பின் பாஸ்போலிப்பிட் அடுக்கிலேயே நின்றுவிடும். எவ்வளவு காத்தாலும் உள்ளே போகா. பெரிய துளியே ஒரு லென்ஸாக இருந்து ஒளியை வளைப்பதாலும் நடுப்பகுதி இருண்டு தெரியலாம். அப்போது ஃபோகஸை நகர்த்த நகர்த்த மோதிரம் உருமாறும். உண்மையான விளிம்புச் சாயம் அப்படி மாறாது.

அறிகுறி: ஃபிக்ஸ் செய்ததும் துளிகள் பெருத்துவிட்டன, குறைந்துவிட்டன, அல்லது காணாமல் போயின

ஃபார்மால்டிஹைடு புரதத்தைப் பிணைக்கும், கொழுப்பைப் பிணைக்காது. துளி உள்ளே இன்னும் எண்ணெயாகவே இருக்கிறது. இதை மனத்தில் வைத்தால் மற்றதெல்லாம் தானே புரியும். மெத்தனாலிலோ அசிட்டோனிலோ ஃபிக்ஸ் செய்தால் கொழுப்பு கரைந்தோடும். எத்தனாலும் ஐசோபுரோப்பனாலும் பட்டால் பக்கத்துப் பக்கத்துத் துளிகள் ஒன்றாகிப் பெருத்துவிடும். ஆயில் ரெட் ஓ போன்ற பழைய சாயங்கள் இந்தக் கரைப்பான்களில்தான் கொடுக்கப்படுகின்றன என்பதால், அவற்றை வைத்துத் துளியின் அளவை அளப்பது எனக்கு ஒப்புதல் இல்லாத விஷயம். கொழுப்பு உண்டா இல்லையா என்று பார்க்க மட்டும் அவை போதும்.

எதிர்ப்புரதம் உள்ளே போகச் சவ்வில் துளையிட ட்ரைட்டன் என்ற சோப்பு வகைப் பொருளைப் போட்டிருந்தால் அதை நிறுத்துங்கள். துளியின் மேற்பரப்பையும் அதிலுள்ள புரதங்களையும் அது கலைத்துவிடும். 0.1 சதவீத சப்போனின் அல்லது டிஜிட்டோனின் மென்மையானது. சப்போனின் போட்ட துளை கழுவினால் மூடிக்கொள்ளும், அதனால் எல்லா எதிர்ப்புரதக் கரைசலிலும் அதைச் சேர்க்க வேண்டும். சாயத்தைக் கடைசியில் போடுங்கள். அது எதனோடும் வேதிப்பிணைப்பு கொள்வதில்லை. முதலில் போட்டால் ஒவ்வொரு கழுவலிலும் கொஞ்சம் போய்விடும். கிளிசரால் கலந்த மவுன்டிங் திரவத்தில் நாள்கணக்கில் வைக்காமல் அன்றே படம் எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்குகிறது, செல் கொப்பளிக்கிறது

மங்குவது சாயத்தின் பிரச்சினை, கொப்பளிப்பது செல்லின் பிரச்சினை. காரணம் ஒன்று, அதிகப்படியான ஒளி. லேசரைக் குறைத்துக் கெயினைக் கூட்டுங்கள். படங்களுக்கு இடையேயான நேரத்தை நீட்டுங்கள். சிறிதளவு சாயத்தை மீடியத்திலேயே விட்டுவைத்தால் மங்கியதற்குப் பதிலாகப் புதிய மூலக்கூறுகள் துளிக்குள் வந்து சேரும். பல மணி நேரம் படம் பிடிக்க வேண்டுமென்றால் நீல ஒளியைத் தவிர்த்து அடர்சிவப்புச் சாயத்துக்குப் போவது செல்லுக்கு நல்லது. லிப்பிடை II போல ஒளியைத் தாங்குவதற்கென்றே வடிவமைத்த சாயங்களும் வந்துவிட்டன. மிக நுண்ணிய விவரம் காட்டும் எஸ்டெட் (STED) நுண்ணோக்கியின் கடும் ஒளிக்கு அவையே ஈடுகொடுக்கின்றன.

இந்தச் சாயங்கள் ஒரு துளியிலிருந்து மற்றொன்றுக்குச் சுதந்திரமாகத் தாவும். எனவே, சாயமிட்ட செல்லையும் சாயமிடாத செல்லையும் கலந்து வளர்த்துவிட்டு, கொழுப்பு இடம் மாறியது என்று முடிவு கட்டக் கூடாது.

அறிகுறி: இரண்டு சேனலிலும் துளிகள் விலகி விழுகின்றன

துளிகள் நுண்குழல்களைப் பிடித்துக்கொண்டு ஓடுகின்றன. ஒரு சேனல் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் இடம் மாறிவிடும். முழுச் சட்டம் முடிந்தபின் மாற்றாமல் வரிக்கு வரி சேனலை மாற்றுங்கள். எல்லாத் துளிகளும் ஒரே திசையில் ஒரே அளவு விலகினால் அது ஓட்டமில்லை, நுண்ணோக்கியின் சீரமைப்புக் கோளாறு. பல நிறங்களில் ஒளிரும் நுண்மணிகளை வைத்துச் சரிபாருங்கள்.

அறிகுறி: படம் சரி, எண்கள் மட்டும் நாளுக்கு நாள் மாறுகின்றன

துளிகளின் எண்ணிக்கை செல்லின் மனநிலை போல மாறக்கூடியது. செல்கள் எவ்வளவு நெருக்கமாக வளர்ந்திருந்தன, மீடியம் மாற்றி எத்தனை மணி நேரம் ஆகிறது, சீரம் எந்தத் தொகுதி: மூன்றையும் குறித்து வைத்து, மூன்றையும் மாறாமல் வையுங்கள். நான் இவற்றைக் குறிக்கத் தொடங்கிய பிறகுதான், சாயத்தின் மேல் போட்ட பழியில் பெரும்பகுதி செல் நெருக்கத்தினுடையது என்று புரிந்தது.

ஒளியின் அளவு கொழுப்பின் அளவு ஆகாது. சாயம் எவ்வளவு கிடைத்தது, எவ்வளவு நெருக்கமாக அடைந்தது, எவ்வளவு மங்கியது எல்லாம் அந்த எண்ணில் கலந்திருக்கின்றன. ஒரே தட்டில், ஒரே நாளில், ஒரே கரைசலில் எடுத்தவற்றை மட்டும் ஒப்பிடுங்கள். ட்ரைகிளிசரைடு எவ்வளவு என்று சொல்ல வேண்டுமென்றால் கொழுப்பைப் பிரித்தெடுத்து வேதிமுறையில் அளந்து பக்கத்தில் வையுங்கள்.

துளியின் விட்டத்தைச் சொல்லும் முன் ஒளியின் எல்லையைக் கணக்கிடுங்கள். 510 நானோமீட்டர் ஒளி, 1.4 துளை எண் கொண்ட லென்ஸ் என்றால் பிரித்தறியும் எல்லை 0.61 ஐ 510ஆல் பெருக்கி 1.4ஆல் வகுத்து, ஏறத்தாழ 220 நானோமீட்டர். 100 நானோமீட்டர் துளியும் 200 நானோமீட்டர் துளியும் படத்தில் ஒரே அளவுதான் தெரியும். அந்த எல்லைக்குக் கீழே உள்ளவற்றுக்கு விட்டம் எழுதாமல் எண்ணிக்கை மட்டும் எழுதுங்கள். பிளாஸ்டிக் அடிப்பாகம் கொண்ட டிஷ்ஷில் இந்த எல்லைகூடக் கிட்டாது; 0.17 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி அடிப்பாகம் வேண்டும். படத்தில் ஒரு பிக்சல்கூட உச்ச வெள்ளையைத் தொடாமல் கெயினை அமைத்து, முழு செல்லையும் அடுக்கடுக்காக எடுத்து, துளியைப் பிரிக்கும் எல்லை மதிப்பைச் சாயமிடாத டிஷ்ஷிலிருந்து நிர்ணயித்து, எல்லாப் படத்துக்கும் அதே மதிப்பைப் போடுங்கள். எந்த டிஷ்ஷுக்கு எந்த மருந்து என்று தெரியாத ஒருவர் எண்ணினால் இன்னும் நல்லது.